வித் என்னும் தாது

விசயதசமி நாளில் நம் இல்லங்களிலும் கோயில்களிலும் பாலருக்கு ஏடு தொடக்குகின்றோம். அச்சடங்குக்கு வித்தியாரம்பம் என்பது வடமொழிப் பெயர். ஏடு தொடக்கப்பெற்ற பிள்ளை வித்தியாலயம் புகுந்து, வித்தை பயின்று, கற்றுத் துறைபோயபின் வித்துவான் எனப் பெயர் பெறுகின்றது. வேதம் என்பது நாம் போற்றும் நூலின் பெயர். வேதனை என்பதோ ஒருவரும் வேண்டாத ஒன்றன் பெயர். இச்சொற்கள் யாவும் ஒரே வேரினின்று கிளைத்தன என்று கூறின் மாணாக்கர் சிலர் வியப்புறுதல் கூடும். வித்தைக்கும் வேதத்துக்கும் உள்ள உறவு வெளிப்படை. வேதத்துக்கும் வேதனைக்கும் உள்ள உறவு யாது? செல்வத்தைக் குறிக்கும் வித்தம் என்னும் சொல்லும் இக்குடியிற் பிறந்ததே என்பர். அறிவும் பொருளும் ஒரு வயிற்றிற் பிறந்தது எவ்வாறு? இவ்வினாக்களுக்கு விடை காண்டலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் தாது என்னும் சொல்லை நோக்குவாம். அது வைத்தல், தாங்குதல் என்னும் பொருளுடைய வினையடியிற் பிறந்தது. உடலைத் தாங்கி நிற்கும் ஏழு கூறுகளை மருத்துவ நூலார் தாது என்றனர். நிலத்தினுள் அமைந்த பொன்னும் இரும்பும் முதலாயினவும் தாது எனப்பட்டன. புத்தரின் திருமேனியில் எஞ்சிய சின்னங்களைப் பௌத்தர் தாது என்றனர். நம் ஈழநாட்டில் அனுராதபுரம் முதலிய இடங்களில் வானளாவி நிற்கும் தாகபங்களின் பெயர் தாதுகர்ப்பம் என்பதன் திரிபே. சொல்லின் உள்ளே அமைந்து அதனைத் தாங்கி நிற்கும் பகுதியை இலக்கண நூலார் தாது என்றதும் இக்கருத்துப்பற்றியே. நன்னூலார் பகுபத உறுப்புக்களுள் முதலாவதாக வைத்த பகுதியோடு இதனை ஒருபுடை ஒப்பிடலாம்.

சொற்களைத் தாதுவரையிற் பகுத்துக் காணும் முயற்சி பாரத நாட்டில் மிகப் பழையது. நிருக்தம் செய்த யாஸ்கர், பெயர்ச்சொற்கள் எல்லாம் வினையிற் பிறந்தனவே என்று சாகடாயனர் கொண்டதனையும், எல்லாப் பெயரும் அத்தன்மையன அல்ல என்று கார்க்கியர் மறுத்ததனையும் எடுத்துரைக்கின்றார். சிந்து நதிக்கு அணித்தாகிய சாலாதுரம் என்னும் ஊரினரும், கி.மு. ஐந்தாம் அல்லது நான்காம் நூற்றாண்டினர் என்று அறிஞர் பலராற் கருதப்படுபவருமாகிய பாணினி முனிவர் இம்முறையை முழு நிறைவுக்குக் கொணர்ந்தார். அவருடைய அட்டாத்தியாயியோடு சேர்ந்து நிலவும் தாதுபாடம் ஏறக்குறைய 2,000 தாதுக்களைப் பத்துக் கணங்களாக வகுத்து நிறுத்துகின்றது. ஒரு தாது வினைமுற்றாகுங்கால் எவ்வடிவு கொள்ளும் என்பதே அக்கணப் பிரிவின் அடிப்படை.

அத்தாதுபாடத்தில் வித் என்பதனைத் தேடுவோர் ஒன்றையன்று, ஐந்தைக் காண்பர். இரண்டாங் கணத்து வித் அறிதற் பொருளது. அது வேத்தி, அஃதாவது அறிகின்றான் என வரும். நாலாங் கணத்து வித் இருத்தற் பொருளது. அது வித்யதே, உளதாகின்றது, என வரும். ஆறாங் கணத்தது பெறுதற் பொருளதாய் விந்ததி, பெறுகின்றான், என நிற்கும். ஏழாங் கணத்தது ஆராய்தற் பொருளதாய் விந்தே என நிற்கும். பத்தாங் கணத்தது உணர்தல், எடுத்துரைத்தல், உறைதல் என்னும் பொருள்களிற் கூறப்பட்டு வேதயதே என முடியும். இவ்வைந்தின் ஈற்றிலும் நிற்பது தகர வருக்கத்தின் மூன்றாம் எழுத்து. பதம் என்னுஞ் சொல்லை நாம் ஒலிக்குங்கால் இடையே மெலிந்து கேட்கும் தகரத்தின் ஒலியே அதன் ஒலியென்று மாணாக்கர் அறிந்துகொள்வாராக.

அறிதல், இருத்தல், பெறுதல், ஆராய்தல், உணர்தல் ஆகிய இவை ஒலியொப்புமையால் தற்செயலாக ஓரிடத்துக் கூடிய ஐந்து தாதுக்களோ, அன்றி ஒரு தாதுவே ஐந்து வடிவு கொண்டதோ? பாணினியார் இவ்வினாவை எழுப்பினாரல்லர். எழுப்பவேண்டிய கடப்பாடும் அவருக்கு இல்லை. தம் காலத்துச் சான்றோர் வழங்கிய மொழியைப் பிழையற விதித்துக் காட்டுதல் அவர் மேற்கொண்ட பணி. அம்மொழி அந்நிலையை அடைந்த வரலாற்றைக் கூறுதல் அவர் நோக்கமன்று. எனினும் அவர்தம் கூர்ந்த பார்வைக்கு ஓர் அருமை புலனாயிற்று. அறிதற் பொருளுடைய வித், நிகழ்காலத்தில் வேத்தி என்று நிற்றலேயன்றி, வேத என்றும் நிற்கும். இந்த வேத என்பதன் விகுதி நிகழ்கால விகுதியன்று. சென்ற காலத்துக்குரிய லிட் என்னும் வடிவின் விகுதியாகும். விகுதி இறந்தகாலம் காட்ட, பொருள் நிகழ்காலமாய் நிற்கின்றது. அன்றியும், லிட் வடிவில் தாதுவின் முதலசை இரட்டித்தல் பொதுவிதி. வேத என்பதிலோ இரட்டிப்பு இல்லை. பாணினியார் மூன்றாம் அத்தியாயத்து நாலாம் பாதத்தில் இதற்கெனவே தனிச் சூத்திரம் யாத்தார். நிகழ்ந்த உண்மையை அவர் குறித்து வைத்தார். அதன் காரணம் விளங்குதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாயின.

காரணம் வேறொரு திசையினின்று வந்தது. 1784ஆம் ஆண்டிற் கல்கத்தாவில் ஆசியக் கழகத்தை நிறுவிய சேர் வில்லியம் ஜோன்ஸ் என்பார், 1786ஆம் ஆண்டு பெப்ருவரி 2ஆம் நாள் அக்கழகத்தில் ஓர் உரை நிகழ்த்தினார். வடமொழி, கிரேக்கம், இலத்தீன் ஆகிய மூன்றும் வினையடிகளிலும் இலக்கண அமைப்பிலும் கொண்டுள்ள ஒப்புமை தற்செயலாக நேர்ந்திருத்தல் இயலாதென்றும், இன்று வழங்காதொழிந்த ஒரு பொதுமூலத்தினின்றும் அவை பிறந்திருத்தல் கூடுமென்றும் அவர் கூறினார். வடமொழியே ஏனையவற்றின் தாய் என்று அவர் கூறவில்லை என்பதை ஈண்டு ஊன்றி நோக்குதல் வேண்டும். அவர் கண்டது உடன்பிறப்பு முறையே. 1816ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் பிரான்ஸ் பொப் வடமொழி வினைத்திரிபுகளைக் கிரேக்கம், இலத்தீன், பாரசீகம், ஜெர்மானியம் ஆகியவற்றின் வினைத்திரிபுகளோடு நிரல்பட ஒப்பிட்டு நூலொன்று வெளியிட, ஒப்பியன் மொழிநூல் ஒரு தனித்துறையாகத் தோன்றியது.

இவ்வொப்பீட்டில் வித் என்னும் தாதுவைப்போல் நன்கு சான்று பகர்வன சிலவே. வடமொழியில் யான் அறிவேன் என்பது வேத. யாம் அறிவோம் என்பது வித்ம. பழைய கிரேக்கத்தில் யான் அறிவேன் என்பது ஒய்த. யாம் அறிவோம் என்பது இத்மென். ஜெர்மானியக் குடும்பத்துப் பழைய கொதிக்க மொழியில் முன்னது வைற், பின்னது விற்றும். கிரேக்கத்தில் முதற்கண் நின்ற வகர ஒலி காலப்போக்கில் மறைந்தது. ஜெர்மானியக் குடும்பத்தில் மெலிந்த தகரம் வலிந்த றகரமாயிற்று. இரண்டு என்னும் பொருளுடைய வடமொழி த்வ ஆங்கிலத்தில் ரூ என்றும், பத்து என்னும் பொருளுடைய தச ரென் என்றும் நிற்பதும் அம்மாற்றத்தாலேயே. இவ்விரு விதிகளையும் மனத்திற்கொண்டு நோக்கின் மூன்று மொழிகளும் ஒரே வாய்பாட்டைக் காத்து நிற்றல் தெளிவாகும். மூன்றிலும் ஒருமையில் தாதுவின் உயிர் மிகுந்து நிற்கின்றது. மூன்றிலும் பன்மையில் இகரமாய்க் குறுகுகின்றது. மூன்றிலும் முதலசை இரட்டிக்கவில்லை. மூன்றிலும் இறந்தகால வடிவு நிகழ்காலப் பொருள் தருகின்றது. சொல் ஒத்தல் தற்செயலாகலாம். ஒழுங்கின்மையும் ஒரே வகையாக ஒத்தல் தற்செயலாகாது. ஒரே இடத்தில் ஒரே தழும்புடைய மூவரைக் கண்டோர் இவர் ஒரு குடியினர் என்று துணிவதுபோன்றது இது.

இனி, இறந்தகால வடிவு நிகழ்காலப் பொருள் தருதற்குக் காரணம் யாது? இலத்தீன் மொழி இதற்கு விடை தருகின்றது. அம்மொழியில் விதேரே என்னும் வினைக்குப் பொருள் அறிதலன்று, காண்டல். கிரேக்கத்திலும் இத்தாதுவின் மற்றொரு வடிவு கண்டான் என்னும் பொருளில் வழங்கிற்று. உருசிய மொழியோ விதெத் என்பதைக் காண்டற்கும், வெதத் என்பதை அறிதற்கும் கொண்டு, இரு பொருளையும் இரு கையிலும் ஏந்தி நிற்கின்றது. எனவே, இத்தாதுவின் ஆதிப்பொருள் காண்டலே என்பது மொழிநூலார் துணிபு. வேத என்பதன் பழம்பொருள் கண்டிருக்கின்றேன் என்பதாம். கண்டிருக்கின்றவன் எவனோ அவன் இப்பொழுது அறிபவன். காட்சி சென்ற காலத்தது. அதன் பயனாகிய அறிவு இந்தக் காலத்தது. பாணினியார் குறித்து வைத்த அருமையின் காரணம் இதுவே. வித்துவான் என்னும் சொல்லும் இத்தகையதே. அது வேத என்பதுபோல இரட்டியாத லிட் வடிவினின்று பிறந்த வினையாலணையும் பெயர். பயில்கின்றவன் என்பது அதன் பொருளன்று. கண்டு முடித்து அக்காட்சியில் நிலைத்து நிற்பவன் என்பதே அதன் பொருள்.

வடமொழியில் இத்தாது காண்டற் பொருளை வேறு தாதுக்களுக்கு விட்டுக்கொடுத்தது. த்ருஶ், பஶ் என்பன அப்பணியை ஏற்றன. எனினும், பழம்பொருளின் நினைவு முற்றும் அழிந்துவிடவில்லை. இருடி என்னும் பெயர்க்குக் காரணம் காட்டப் புகுந்த யாஸ்கர் அதனைக் காண்டற் பொருளோடு இயைக்கின்றார்; இருடிகள் மந்திரங்களை இயற்றினோர் அல்லர், கண்டோர் என்பது மரபு. செவிவழி வந்தமையால் சுருதி எனப்படும் அந்நூல், கண்வழிப் பிறந்த தாதுவினால் வேதம் எனவும் பெயர் பெற்றது. தமிழ்ச் சான்றோர் அதற்கு இட்ட மறை என்னும் பெயர் மறுதலைப் பக்கத்தினின்று அப்பொருளையே நோக்குவது: ஒரு பெயர் காணப்பட்டது என்கின்றது, மற்றது எளிதிற் காணப்படாதது என்கின்றது.

காண்டலினின்று மற்றோர் கிளை பெறுதலை நோக்கிச் சென்றது. தேடும் பொருளைக் கண்டவன் அதனைப் பெற்றவனாகின்றான். விந்ததி என்பதில் தாதுவினிடையே ஒரு மெல்லெழுத்துப் புகுந்து நிற்கின்றது, அவ்வளவே வேற்றுமை. இருக்கு வேதத்தில் இந்திரன் முதலிய தெய்வங்களுக்குக் கோவித், ஸ்வர்வித் என்னும் அடைகள் வழங்குகின்றன. பகைவர் மறைத்த பசுக்களைக் கண்டு பெற்றவன், மறைந்த ஒளியைக் கண்டு பெற்றவன் என்பன அவற்றின் பொருள். கோவிந்தன் என்னும் திருப்பெயரையும் இலக்கண மரபினர் இவ்வாறே பிரித்துப் பசுக்களைக் கண்டடைபவன் என்பர். கண்டு பெறப்பட்ட பொருள் வித்தம். அதுவே செல்வத்தின் பெயராயிற்று. இத்தாதுவினின்று பொதுவிதிப்படி வரவேண்டிய வடிவு வின்னம் என்பதாகவும், நுகரும் பொருளும் புகழும் குறிக்குமிடத்து வித்தம் என்றே நிற்கும் எனப் பாணினியார் எட்டாம் அத்தியாயத்திற் புறனடை கூறினார்.

தேடிய பொருள் காணப்படுகின்றது என்பதற்கும், அப்பொருள் உளது என்பதற்கும் இடைவெளி சிறிதே. வித்யதே என்பது முதலிற் காணப்படுகின்றது என்று பொருள்பட்டுப் பின்னர் உளது என்று நின்றது. பகவற்கீதை இரண்டாம் அத்தியாயத்துப் பதினாறாம் சுலோகத்தில் இல்லதற்கு இருப்பில்லை என்னும் பெரிய தத்துவம் உரைக்கப்படுமிடத்து வருவது இவ்வினையே. தாதுபாடத்தில் இருத்தற் பொருளதாகத் தனித்து நிறுத்தப்பட்ட நாலாங் கணத்து வித், ஆறாங் கணத்து வித்தின் மகவே என்க.

இவ்வாறு பிரிந்த கிளைகள் பின்னும் ஒன்றையொன்று மறவாது நின்றமைக்கு இரண்டு இடங்களைக் காட்டுவாம். முதலாவது, இருக்கு வேதம் பத்தாம் மண்டிலத்து 129ஆம் சூக்தம். படைப்புக்கு முன் இருந்தது யாது என்று வினாவும் அச்சூக்தம் ஏழு மந்திரங்களே உடையது. அதன் நாலாம் மந்திரம், தம் உள்ளத்தே தேடிய கவிகள் இன்மையினிடத்தில் உண்மையின் தொடர்பைக் கண்டடைந்தனர் என்கின்றது. ஆண்டு வருவது பெறுதற் பொருளுடைய வித். ஈற்று மந்திரமோ, இவ்வுலகு எங்கிருந்து தோன்றிற்று என்பதை உயர்ந்த வானத்திருந்து இதனை மேற்பார்ப்பவன் அறிவான், அன்றி அவனும் அறியானோ என்று முடிகின்றது. ஆண்டு வருவது அறிதற் பொருளுடைய வித். சூக்தத்தின் இறுதிச் சொல்லே வேத என்பதுதான். கவிகள் கண்டடைந்தது உண்டு. ஆயினும் முற்றும் அறிந்தார் உளரோ என்னும் ஐயம் எஞ்சி நிற்கின்றது. தம் நூலின் பெயராகிய சொல்லையே ஐயத்தின்மேல் நிறுத்திப் பாடிய அப்புலவரின் நேர்மை எண்ணுந்தோறும் வியப்புத் தருவது.

இரண்டாவது, பிருகதாரணியக உபநிடதத்தில் வரும் மைத்திரேயியின் வரலாறு. யாக்ஞவல்கியர் இல்லறம் நீங்கப் புகுங்கால், தம் பொருளை மைத்திரேயிக்கும் காத்தியாயனிக்கும் பகிர்ந்தளிக்க எண்ணினார். அது கேட்ட மைத்திரேயி, செல்வம் நிறைந்த இந்நிலவுலகு முழுவதும் தனதாயினும் அதனால் தான் இறவாமை எய்துதல் கூடுமோ என்று வினாவினாள். செல்வத்தால் இறவாமை எய்தும் நம்பிக்கை இல்லை என்று முனிவர் கூற, அங்ஙனமாயின் அதனால் யான் செய்வதென்ன, தேவரீர் அறிந்தது எதுவோ அதனையே எனக்குக் கூறுக என்றாள். இவ்வுரையாடலில் செல்வத்துக்கு வரும் சொல் வித்தம். அறிந்தது என்பதற்கு வரும் சொல் வேத. ஒரே தாதுவின் இரண்டு மக்கள் அவ்வம்மையின் முன் நிறுத்தப்பட்டனர். கண்டு கைக்கொண்ட பொருளை விடுத்து, கண்டு அறிந்த பொருளை அவள் வேண்டினாள். தாதுவின் வரலாறு அறிந்து அப்பகுதியைப் படிப்போர்க்கு அவள் தெரிவின் கூர்மை முன்னினும் நன்கு புலனாகும்.

இனி வேதனைக்கு வருவாம். அறியச் செய்தல், உணர்தல் என்னும் பொருளில் வரும் வேதயதே என்னும் வடிவினின்று வேதனா பிறந்தது. அதன் முதற்பொருள் துன்பமன்று, உணர்ச்சி என்பதே. பௌத்த நூல்கள் அப்பொருளைச் செம்மையாகக் காத்துள்ளன. இன்ப உணர்ச்சி, துன்ப உணர்ச்சி, இரண்டுமல்லாத உணர்ச்சி என வேதனை மூவகைப்படும் என்பது அவர்தம் கோட்பாடு. பன்னிரு நிதானங்களுள் முதலாவது அவித்தியை, ஏழாவது வேதனை. காணாமையிற் பிறந்த பேதைமையும், உயிரின்மேல் தாக்கி உணரப்படும் நுகர்ச்சியும் ஆகிய இரண்டும் ஒரே தாதுவின் பெயரால் அச்சங்கிலியில் நிற்கின்றன. மணிமேகலை ஆசிரியர் இவற்றை ஒலிபெயர்த்துக் கொள்ளாது, முன்னதைப் பேதைமை என்றும் பின்னதை நுகர்வு என்றும் தமிழாக்கினார். பொருளறிந்து பெயர்த்த புலமை அது. ஆயின் பேச்சுவழக்கில் வேதனை என்னும் சொல் இன்பத்தை உதறிவிட்டுத் துன்பத்தை மட்டும் பற்றிக்கொண்டது. வடமொழியிலேயே இவ்வொடுக்கம் தொடங்கிற்று. தமிழில் அது முற்றுப்பெற்றது. மனிதன் தப்பாது உணர்வது துன்பத்தையே என்பதுபோலும் வழக்கின் தீர்ப்பு.

தமிழிற் புகுந்த இத்தாதுவின் சொற்கள் ஒரே காலத்தில் ஒரே வாயிலால் வந்தனவல்ல. வடமொழி வித்யா பாகதத்திலும் பாளியிலும் விஜ்ஜா என நின்றது. இன்று என்னும் பொருளுடைய அத்ய என்பது அஜ்ஜ என நின்றதும் இம்முறையே. பாகத வழியே வந்த வடிவுதான் பழந்தமிழ் நூல்களிற் காணும் விச்சை, விஞ்சை என்பன. சிலப்பதிகாரமும் மணிமேகலையும் வித்தியாதரரை விஞ்சையர் என்பது காண்க. வித்தை, வித்தியை என்பன வடமொழியினின்று நேரே வந்தன. சைவசித்தாந்தம் கூறும் முப்பத்தாறு தத்துவங்களுள் வித்தியா தத்துவம் ஏழு. அவ்வேழனுள் ஒன்றன் பெயரே வித்தை. உயிரின் அறிவாற்றலை விளக்கி எழுப்புதல் அதன் தொழிலாகும். வேதம் என்னும் சொல்லோ நம் யாழ்ப்பாணத்து வழக்கில் எல்லை கடந்து விரிந்தது. கிறித்தவர் தம் திருநூலை வேதாகமம் என்றனர். அவரை ஊரார் வேதக்காரர் என்றனர். எச்சமயத்தார் கண்டதாயினும் கண்டது வேதமே என்று வழக்கு ஒப்புக்கொண்டதுபோலும்.

நம் நாட்டுக் கல்வி வரலாற்றிலும் இத்தாதுவின் கைச்சாத்து உண்டு. ஆறுமுக நாவலர் 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையில் நிறுவிய பள்ளிக்கூடத்துக்குச் சைவப்பிரகாச வித்தியாசாலை என்று பெயரிட்டார். இக்கடுவை சிறீ சுமங்கல தேரர் 1873ஆம் ஆண்டிற் கொழும்பு மாளிகாகந்தையில் நிறுவிய பிரிவெனா வித்தியோதயம். 1875ஆம் ஆண்டிற் பேலியகொடையில் எழுந்த பிரிவெனா வித்தியாலங்காரம். பின்னைய இரண்டும் 1959ஆம் ஆண்டிற் பல்கலைக்கழகங்களாயின. இக்காலத்தில் ஸ்ரீ ஜயவர்த்தனபுர, களனி என்னும் பெயர்களுடன் விளங்குகின்றன. தம் சமயமும் தம் மொழியும் அந்நிய ஆட்சியில் ஒளிமழுங்கியதைக் கண்ட சைவரும் பௌத்தரும் அவற்றை மீட்க எழுந்தபோது, இருசாராரும் எடுத்த கருவி ஒன்றே. அதற்கு இட்ட பெயரும் ஒரே தாதுவிற் பிறந்தது. இன்றும் நம் நாட்டில் தமிழ்ப் பள்ளிக்கூடமும் சிங்களப் பள்ளிக்கூடமும் வித்தியாலயம் என்னும் பெயரைப் பொதுவிற் கொண்டுள்ளன.

ஈண்டு மாணாக்கருக்கு ஓர் எச்சரிக்கை கூறல் வேண்டும். ஒலியொப்புமை ஒன்றையே கொண்டு உறவு துணிதல் மொழியாராய்ச்சியில் பெரும் பிழைக்கு இடமாகும். அறிவின் வித்தாதலின் வித்தை எனப்பட்டது என்று மேடையிற் கூறுவோர் உளர். கேட்டற்கு இனிதாயினும் அது பொருந்தாது. விதை என்னும் பொருளுடைய வித்து தூய திராவிடச் சொல். விதைத்தலைக் கன்னடர் பித்து என்றும், தெலுங்கர் வித்து என்றும் கூறுவர். பரோ, எமனோ ஆகிய இருவரும் 1961ஆம் ஆண்டில் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பகராதி இவற்றை ஓரினமாகத் தொகுத்துள்ளது. விதி என்னும் சொல் வடசொல்லேயாயினும் வித் என்பதிற் பிறந்ததன்று. அது வி என்னும் உபசருக்கம் பெற்ற தா என்னும் தாதுவிற் பிறந்தது. அதன் தகரம் வருக்கத்தின் நாலாம் எழுத்து. தமிழெழுத்து இரண்டையும் ஒருவடிவாகக் காட்டுதலின் மயக்கம் நேர்கின்றது. வித்தியாசம் என்பதோ வித்தையோடு ஒருசிறிதும் தொடர்பற்றது. வியத்யாசம் என்னும் வடசொல்லின் திரிபு அது. உருவில் ஒத்தன உறவில் வேறாதலும், வேத, வைற் என்பனபோல உருவில் வேறாயின உறவில் ஒன்றாதலும் உண்டு. விதியாற் காட்டப்படும் உறவே உறவு.

பொப் தம் நூலை வெளியிட்ட அதே 1816ஆம் ஆண்டில் சென்னையில் பிரான்சிஸ் வைட் எல்லிஸ் என்பார், தெலுங்கின் தாதுக்களைத் தமிழ், கன்னடத் தாதுக்களோடும் வடமொழித் தாதுக்களோடும் ஒப்பிட்டு, தென்மொழிகள் வடமொழியிற் பிறந்தனவல்ல, தம்முள் ஓரினமானவை என்று காட்டினார். கால்டுவெல் 1856ஆம் ஆண்டில் அதனை விரிவுற நிறுவினார். தாதுவை ஆராய்ந்த ஒரே முறைதான் வடமொழிக்கு மேனாட்டில் உடன்பிறந்தாரைத் தேடித் தந்தது. தமிழின் தனிமையையும் நிலைநாட்டியது. ஆதலின் வடமொழித் தாதுவாராய்ச்சி தமிழுக்குப் பகையென்று எண்ணுதலும், அதனால் தமிழின் பெருமை குன்றுமென்று அஞ்சுதலும் வேண்டா.

குடிப்பிறப்பில் வேறான தமிழ்மொழி இப்பொருளில் நடந்து வந்த வழியை நோக்கின் ஓர் இன்பமான ஒற்றுமை தோன்றும். காண் என்னும் நம் வினையடியை எடுத்துக்கொள்க. அதன் முதற்பொருள் கண்ணாற் பார்த்தல். தருக்க நூலார் அளவைகளுள் முதலாவதைக் காண்டல் என்பர். ஞானத்தைக் காட்சி என்பர். ஆண்டு அது அறிதற் பொருளது. தொலைத்த பொருளைக் கண்டெடுத்தேன் என்றும், காணவில்லை என்றும் கூறுங்கால் அது பெறுதற் பொருளது. இந்நோய் அவ்வூரிற் காணப்படுகின்றது என்னுங்கால் இருத்தற் பொருளது. அவன் என்ன சுகத்தைக் கண்டான் என்னுங்கால் உணர்தற் பொருளது. தாதுபாடம் ஐந்து வித்தாகப் பிரித்து வைத்தவற்றுள் நான்கினை நம் காண் ஒன்றே தாங்கி நிற்கின்றது. இது ஒரு மொழி மற்றொன்றினின்று கடன்கொண்டதன்று. மக்களின் அறிவு நடக்கும் வழி எங்கும் ஒன்றாதலின், இருவேறு மொழிகள் தனித்தனியே அவ்வழி நடந்தன. ஐந்து தாதுக்களும் ஒன்றே என்னும் முடிவுக்கு மேனாட்டு மொழிகளின் சான்று ஒருபுறம் நிற்க, பொருள் அவ்வாறு விரிதல் இயல்பே என்பதற்கு நம் வாய்மொழியே சான்றாகின்றது.

வரலாறு பயில்வோர் இன்னும் ஒன்று அறிந்து மகிழலாம். வரலாற்றை ஆங்கிலர் ஹிஸ்டரி என்பர். கிரேக்கத்தில் கண்டறிந்தவன், சான்றாளன் என்னும் பொருளுடைய ஹிஸ்தோர் என்னும் சொல்லினின்று அது வந்தது. அச்சொல்லின் அடியும் வித் என்பதன் உடன்பிறப்பே. வேதம் கண்ட இருடியும் வரலாறு எழுதும் ஆசிரியனும் சொல்லளவில் ஒரு குடியினர். காணாததைக் கண்டேன் என்று கூறாமை இருவர்க்கும் பொதுவான அறமாதல் வேண்டும்.

சாந்தோக்கிய உபநிடதம் ஏழாம் அத்தியாயத்தில் நாரதர் சனற்குமாரரிடம் மாணாக்கராய் வந்து நின்றார். நீ அறிந்தவற்றைக் கூறுக, அதற்கு மேலானதை யான் கூறுவேன் என்றார் ஆசிரியர். நாரதர் நான்கு வேதமும், இதிகாச புராணமும், இலக்கணமும், கணிதமும், பூதவித்தை, நட்சத்திரவித்தை முதலாக வித்தை என்று முடியும் பலவும் வரிசையாக ஒப்புவித்தார். ஒப்புவித்தபின், இத்தனையும் கற்றும் யான் மந்திரவித் மாத்திரமே, ஆத்மவித் அல்லேன். துயருறுகின்றேன், என்னை அக்கரை சேர்ப்பீராக என்று வேண்டினார். வித்தைகள் அனைத்தும் வாய்த்த ஒருவர் வித் என்னும் அச்சொல்லாலேயே தம் குறையை அளந்து காட்டினார். கற்ற சொற்கள் அவரிடத்து நிறைந்திருந்தன. காண வேண்டியதை அவர் இன்னும் காணவில்லை.

வித் என்னும் தாதுவின் வரலாறு நமக்கு உணர்த்துவதும் அதுவே. அது கண்ணிற் பிறந்து, அறிவாய் வளர்ந்து, பேறாய்ப் பயன்பட்டு, உணர்ச்சியாய் உயிரைத் தொட்டது. மனனஞ்செய்து ஒப்புவித்தல் அதன் பொருள்களுள் ஒன்றாகத் தாதுபாடத்தில் எங்கும் கூறப்படவில்லை. கண்டு அறியாதது வித்தையன்று. உணர்ந்து கொள்ளாதது வேதமன்று. ஏடு தொடக்கும் பாலனின் விரலைப் பிடித்து அரிசியில் முதலெழுத்தை எழுதுவிக்கும் ஆசிரியர், அவன் கண் அவ்வெழுத்தின்மேல் நிற்கின்றதா என்று நோக்குவாராக. இத்தாது வேண்டுவது அவ்வளவே.